அல்லேலூயா நீக்கப்பட்ட பாட்டுப் புத்தகம்

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நலமாயிருக்கிறோம். உன் சுகத்துக்காக நாள்தோறும் ஜெபித்துக்கொள்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. "வரலாற்றில் வாழ்ந்த இயேசு யார் என்று 250 ஆண்டுகளாக ஆராய்ந்தும் இந்த அறிஞர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்களே அம்மா, அப்படியானால் நாம் நம்பிக்கொண்டிருப்பது யாரை?" என்று கேட்டாய். கேட்ட கையோடு, நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்துப் பேச்சை மாற்றி, யெனாவில் இன்னும் பனி விடவில்லை என்றாய். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, மகளே. 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கும், அதே ஆண்டுகளில் ஞாயிறு பள்ளியில் வேதபாடம் நடத்திய எனக்கும் இடையில் இந்தக் கேள்வி எழாமல் எப்படி இருந்திருக்கும்? பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

நீ கல்லூரி விடுதிக்குப் போன வருடம், வீட்டில் நேரம் மிகுந்திருந்ததால், நம் சாப்பாட்டு மேசையில் இரண்டு வேதாகமங்களை அருகருகே விரித்து வைத்து, மாற்கு, மத்தேயு ஆகிய இரண்டு சுவிசேஷங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்தேன். நாசரேத்து ஊரார் இயேசுவைப் பார்த்து முணுமுணுக்கும் இடத்துக்கு வந்தபோது என் பென்சில் நின்றுவிட்டது. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் அவர்கள் "இவன் தச்சன் அல்லவா?" என்கிறார்கள். மத்தேயு 13-இல் அதே ஜனங்கள் "இவன் தச்சனுடைய குமாரன் அல்லவா?" என்கிறார்கள். மாற்கு எழுதியதே முந்தியது, ஏறத்தாழ கி.பி. 70-ஐ ஒட்டியது, மத்தேயு அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. அப்படிப் பார்த்தால், ஆண்டவரைக் கைத்தொழிலாளி என்று நேராகச் சொல்ல மத்தேயுவின் பேனா தயங்கி, அந்தச் சொல்லைத் தகப்பன்மேல் நகர்த்தி வைத்தது போலத் தோன்றுகிறது. ஞானஸ்நானத்திலும் இப்படியே. யோவானிடம் இயேசு ஞானஸ்நானம் பெற்றார் என்று மாற்கு ஒரே வரியில் எழுதிவிடுகிறார். மத்தேயுவிலோ யோவான் முதலில் தடுக்கிறார், இயேசு சமாதானம் சொல்லவேண்டியிருக்கிறது. நான்காம் சுவிசேஷத்தில் அந்தக் காட்சியே நேரடியாக வருவதில்லை. எழுதியவர்களுக்குச் சங்கடம் தந்தும் மறைக்க முடியாமல் போன செய்தியை யாரும் புனைந்திருக்க மாட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்களில் ஒன்று. அந்த மேசையில் அதை என் கண்ணாலேயே கண்டபிறகு, ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படுவதை நான் விட்டுவிட்டேன்.

இந்தத் தேடலின் கதை நீ இருக்கும் ஜெர்மனியில்தான் தொடங்கியது. ஹாம்பர்க்கில் கீழை மொழிகள் கற்பித்த ரைமாருஸ், இயேசுவின் போதனை வேறு, சீடர்கள் பிற்பாடு கட்டியது வேறு என்று இரகசியமாக எழுதி வைத்திருந்தார். அவர் 1768-இல் இறந்த பிறகு, 1774 முதல் 1778 வரை லெஸ்ஸிங் என்ற எழுத்தாளர் அதன் பகுதிகளை ஆசிரியர் பெயரின்றி வெளியிட்டார். 1835-இல் டேவிட் ஃபிரீடரிக் ஸ்டிராவுஸ் 27 வயதில் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலால் டியூபிங்கனில் வேலையை இழந்தார். 1839-இல் சூரிச் அவருக்குப் பேராசிரியர் பதவி கொடுத்தபோது கிளம்பிய எதிர்ப்பில், அவர் பாடம் நடத்தத் தொடங்கும் முன்பே ஓய்வூதியம் கொடுத்து விலக்கினார்கள். அதே ஆண்டில் சூரிச்சின் அரசே கவிழ்ந்தது. இவர்களுடைய முடிவுகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனாலும் பிழைப்பைப் பணயம் வைத்து எழுதியவர்களை விசுவாசத்தின் பகைவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் கேள்விக்கு நேரான பதில் ஆல்பர்ட் சுவைட்சரிடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் லாம்பரேனேயில் மருத்துவமனை கட்டியவர் என்றுதான் நாம் அவரைப் பள்ளியில் படித்தோம். அங்கே போவதற்கு ஏழு ஆண்டு முன்பு, 1906-இல், தமக்கு முன் எழுதியவர்கள் அனைவரையும் அவர் வரிசையாக நிறுத்திப் பார்த்து, ஒவ்வொருவரும் தம் காலத்தின் சாயலிலேயே ஓர் இயேசுவை வரைந்திருக்கிறார்கள் என்று காட்டினார். பகுத்தறிவாளருக்கு இயேசு ஒழுக்கநெறி ஆசிரியர். கற்பனை வளம் மிக்கவர்களுக்கு அவர் கலிலேயாவின் இனிய கனவுகாரர். சில ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் டிரெல் என்ற பாதிரியார், ஆழக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, அடியில் தெரியும் தம் முகத்தையே கிறிஸ்துவின் முகம் என்கிறார்கள் என்று இதே குறையை எழுதினார். உலகத்தின் முடிவு வாசலில் நிற்கிறது என்று எதிர்பார்த்த முதலாம் நூற்றாண்டு யூதர் ஒருவர், நமக்கு எளிதில் பிடிபடாத அந்நியர், என்பதே சுவைட்சர் கண்டது. அறிஞர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வதாக நீ சொன்னாயே, அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி கிணற்றில் தெரிந்த முகங்களின் வேறுபாடு.

இனிச் சொல்லப்போவதை நீ பொறுமையாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் அது உன் ஊரில் நடந்தது. 1930-களின் பிற்பகுதியில் யெனா பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்தவர் வால்டர் குருண்ட்மன். ஜெர்மானியத் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஆராய்ந்து அகற்றுவதற்கென்றே ஒரு நிறுவனம் 1939 மே 6 அன்று ஐசனாக்கில், லூத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த அதே வார்ட்பர்க் கோட்டையில், தொடங்கப்பட்டது. அதன் ஆய்வுப்பணிக்குத் தலைவர் அவர்தான். கலிலேயாவில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பிற இனத்தார், ஆகையால் இயேசு பிறப்பால் யூதரல்லர் என்று அவர் 1940-இல் புத்தகம் எழுதினார். அதே ஆண்டில் யூத அடையாளங்களைக் களைந்த புதிய ஏற்பாடு ஒன்றை அந்த நிறுவனம் அச்சிட்டது. 1941-இல் ஒரு பாட்டுப் புத்தகமும் வந்தது. அதில் எபிரெயச் சொற்களை நீக்கினார்கள். அல்லேலூயா இல்லை, ஓசன்னா இல்லை, சீயோன் இல்லை. நம் வீட்டில் பாட்டியின் பாமாலைப் புத்தகம் உனக்கு நினைவிருக்கும், அட்டை பிய்ந்து துணி ஒட்டியது. அதை மடியில் வைத்துக்கொண்டு, எந்தெந்த வரியை அவர்கள் அடித்திருப்பார்கள் என்று ஒரு நாள் மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டுப் புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் இயேசுவின் இனத்தார் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். போருக்குப் பின் குருண்ட்மன் பல்கலைக்கழகப் பதவியை இழந்தாலும், திருச்சபையில் மீண்டும் கற்பித்தார், சுவிசேஷங்களுக்கு விளக்கவுரைகளும் எழுதினார். அவற்றைப் பல ஆண்டுகள் போதகர்கள் வாங்கிப் படித்தார்கள். நம் மொழியில் முதல் புதிய ஏற்பாட்டை 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட சீகன்பால்கு ஐயர் படித்த ஹாலே நகரம் யெனாவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து நினைப்பது எளிதாக இல்லை.

கலிலேயாவைப் பற்றி குருண்ட்மன் சொன்னதற்கு மறுமொழி மண்ணிலிருந்து வந்தது. நாசரேத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செப்போரிஸ் நகரத்தைத் தோண்டியவர்கள், முதலாம் நூற்றாண்டு அடுக்கில் யூதர் சுத்திகரிப்புக்காக இறங்கிக் குளிக்கும் படிக்கட்டுத் தொட்டிகளையும், தீட்டுப்படாது என்று அவர்கள் விரும்பிப் புழங்கிய கல் பாத்திரங்களையும் கண்டார்கள். பன்றி எலும்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. கானாவூர்க் கலியாணத்தில், யூதர்களுடைய சுத்திகரிப்பு முறைமையின்படி வைத்திருந்த ஆறு கற்சாடிகளை நினைத்துக்கொள். இத்தனை ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தியும், மண்சாடி ஏன் இல்லை என்று நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஹங்கேரியில் பிறந்த கெசா வெர்மெஸின் கதையையும் சொல்லவேண்டும். யூதப் பெற்றோர் கத்தோலிக்கராக மாறியிருந்தும் இனப்படுகொலையில் மாண்டார்கள். மகன் பாதிரியாரானார், பின்னர் அதை விட்டு யூத சமயத்துக்குத் திரும்பினார், பழைய யூத ஏடுகளான சாக்கடல் சுருள்களை ஆங்கிலத்தில் தந்தார். 1973-இல் அவர் இயேசுவை, மழைக்காக வேண்டிக்கொண்ட ஓனி, நோயாளிகளுக்காக ஜெபித்த அனினா பென் தோசா ஆகிய யூதப் பரிசுத்தவான்களின் வரிசையில் வைத்து எழுதினார். 1985-இல் ஈ. பி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர், வேதச் சட்டத்தைக் கருத்தாய்க் கடைப்பிடித்த யூதப் பிரிவினரான பரிசேயரின் சமயம் நாம் சித்தரிப்பதுபோல வறண்ட சட்டப்பித்து அன்று என்பதைச் சான்றுகளோடு எடுத்துவைத்தார். இங்கே உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பரிசேயர் என்றாலே மாயக்காரர் என்று உனக்கும் உன்னோடு படித்த பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவள் நான். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்ற வாக்கைச் சொல்லி, இதெல்லாம் யூதருக்கு விளங்காது என்று விளக்கியிருக்கிறேன். ஓய்வுநாள் உங்களிடம் ஒப்புவிக்கப்பட்டது, நீங்கள் அதனிடம் ஒப்புவிக்கப்படவில்லை என்று யூத ரபீக்களின் பழைய உரையிலேயே இருக்கிறது. உயிரைக் காப்பாற்ற ஓய்வுநாளை மீறலாம் என்பது அவர்களுடைய சட்டம். நான் சொல்லிக்கொடுத்தது தவறு.

கெத்செமனேயில் வரும் "அப்பா பிதாவே" என்பதையும் பார். அதிலுள்ள அப்பா நம் தமிழ் அப்பா அன்று, ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும் அரமாயிக் சொல். இயேசு பேசிய மொழி. யோவாகிம் ஜெரமியாஸ் என்ற பெரிய அறிஞர், கடவுளை இப்படி அழைக்க வேறெந்த யூதரும் துணியவில்லை என்று பெரிதாக எடுத்துரைத்தார். நானும் அதைப் பிரசங்கங்களில் கேட்டு உருகியிருக்கிறேன். அது சான்றுகளுக்கு மிஞ்சிய பேச்சு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். இயேசுவை உயர்த்திக் காட்ட யூதரைத் தாழ்த்திக் காட்டவேண்டும் என்ற பழக்கம் நல்லவர்களிடத்திலும் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது.

அப்படியானால் உறுதியாகச் சொல்லக்கூடியது என்ன என்று கேட்பாய். கலிலேயர், யூதர், யோவானிடம் ஞானஸ்நானம் பெற்றவர், தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிப் பேசினவர், சீடரைச் சேர்த்தவர், தேவாலயத்தில் ஏதோ ஒரு கலவரத்துக்குக் காரணமானவர், பொந்தியு பிலாத்துவின் கீழ் சிலுவையில் அறையுண்டவர். ஏறத்தாழ கி.பி. 93-இல் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு கல்லெறியுண்டதைச் சொல்கிறார். அதே நூலில் இயேசுவைப் பற்றியுள்ள மற்றொரு பத்தியில் கிறிஸ்தவர்களின் கைவரிசை கலந்திருக்கிறது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் பிலாத்துவின் கீழ் நடந்த மரணதண்டனையைக் குறிப்பிடுகிறார். 1961-இல் செசரியாவின் அரங்கத்தில் படிக்கட்டுக்குப் பயன்படுத்தியிருந்த ஒரு கல்லைப் புரட்டியபோது, பிலாத்து, யூதேயாவின் அதிபதி என்று படிக்கத்தக்க இலத்தீன் எழுத்துகள் இருந்தன. பத்தாம் வகுப்பில் கல்வெட்டுச் சான்று நடத்தும்போதெல்லாம் அந்தக் கல்லைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றி, உயிர்த்தெழுந்தவரைக் கண்டதாகச் சீடர்கள் மிக விரைவிலேயே நம்பினார்கள் என்பதுவரை வரலாறு வரும். பவுல் 50-களில் கொரிந்தியருக்கு எழுதும்போதே, தாம் பெற்றுக்கொண்ட செய்தியாகத்தான் அதை எழுதுகிறார். அதற்கு அப்பால் நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு வரலாற்றாசிரியரிடம் நான் சான்றிதழ் கேட்கவில்லை. அவரும் அதைப் பறிக்க வரவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் ஐசனாக்குக்குப் போய் வா. அந்த நிறுவனம் தொடங்கி 80 ஆண்டு நிறைந்த 2019 மே மாதத்தில், திருச்சபைகளே அங்கே ஒரு நினைவுச்சின்னம் நிறுவின. "நாங்கள் வழிதவறிப் போனோம்" என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வருகிற ஞாயிறு சிறுவர் வகுப்பில் மாற்கு 5 நடத்துகிறேன். பள்ளிக்கூட நாட்களில் தாத்தா உன் போர்வையை இழுத்து "தலீத்தாகூமி" என்று எழுப்புவாரே, "சிறுபெண்ணே எழுந்திரு" என்று அர்த்தம் எழுதியிருந்தும் மூலச்சொல்லை ஏன் அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் கேட்டாய். இயேசு பேசிய அந்த மொழியிலேயே மாற்கு அதை வைத்திருந்தார், நம் மொழிபெயர்ப்பாளர்களும் அதை எடுக்கவில்லை. இந்தத் தடவை பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா