டமாரைப் பற்றிச் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

நீங்கள் இல்லாமல் பார்ப்பதில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த, ஸ்டார் டிரெக் வரிசையைச் சேர்ந்த டீப் ஸ்பேஸ் நைன் என்ற விண்வெளித் தொடரின் கடைசி எபிசோடுகளைப் பார்த்து முடித்துவிட்டேன். அப்பாவின் தலைத்திவசம் முடிந்து, வந்தவர்களெல்லாம் ஊருக்குக் கிளம்பிப் போனபின், இனி யாருக்காகவும் எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. இதைத் தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நம் தொலைபேசிப் பேச்சுகள் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது நம் இருவருக்கும் தெரியும் என்பதால் எழுதுகிறேன். நான் எழுதுவதை நம் சொந்தத்தில் பலர் படிக்கிறார்கள். அவர்களை முன்னிட்டுச் சில இடங்களைத் தொட்டும் தொடாமலும் கடந்து போவேன். உங்களுக்கு அது புரியும்.

கீரா யார், காரக் யார் என்று உங்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். படிக்கிற மற்றவர்களுக்காக மட்டும் ஒரு வரி: பஜோர் என்ற உலகை அடக்கி ஆண்டவர்கள் கார்டாசியர்கள்; கீரா அவர்களை எதிர்த்துப் போராடிய பஜோர்க்காரி; காரக் அவள் பக்கம் நிற்கும் ஒரு கார்டாசியன்; டொமினியன், இந்தப் போரில் கார்டாசியாவைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் அன்னிய வல்லரசு. சிங்கப்பூரிலிருந்து நீங்கள் கொண்டுவந்த ஏழாம் சீசன் டிவிடி பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 1999 ஏப்ரல் 7 அன்று தொடங்கி ஜூன் 2 அன்று முடிந்த அந்தப் பத்து எபிசோடுகளையும், நாம் சேர்ந்து பார்த்தவை உட்பட, முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தேன். வாரம் ஒரு கதையைத் தொடங்கி அந்த வாரமே முடித்துவிடுவது ஸ்டார் டிரெக்கின் பழக்கமாக இருந்த காலம் அது. 1997-இல் ஆறாம் சீசனின் தொடக்கத்தில் ஆறு எபிசோடுகளைக் கோத்துப் போர்க்கதை சொல்லிப் பார்த்தவர்கள், இங்கே பத்தையும் ஒரே கதையாக ஓட விட்டார்கள். அதை விடாமல் பார்க்கும்போதுதான், இந்தப் பத்தும் யாருடைய கதை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தொடரின் நாயகன், தளபதி சிஸ்கோவின் கதை என்று நீங்கள் சொல்வீர்கள். நான் டமார் என்ற கார்டாசியனின் கதை என்று சொல்கிறேன்.

நான்காம் சீசனில் கார்டாசிய அதிகாரி டுகாட்டின் சரக்குக் கப்பலில், சொன்னதைச் செய்யும் கீழ்நிலை அதிகாரியாக வந்து நின்றவன் அவன். ஆறாம் சீசனில் டுகாட்டின் மகள் சியாலைத் துரோகி என்று சொல்லித் தகப்பனின் கண்ணெதிரே சுட்டுக் கொன்றவனும் அவன்தான். அந்த இரவு நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். அப்படிப்பட்டவனைக் கார்டாசியாவின் தலைவனாக உட்காரவைத்து, டொமினியன் நீட்டும் உத்தரவுகளில் கையெழுத்திடும் பொம்மையாக்கி, கையில் எப்போதும் கனார் என்ற மதுவின் கோப்பையோடு தள்ளாட விட்டு, பிறகு அவனை நாம் மதிக்கும்படி செய்திருக்கிறார்கள். இது எவ்வளவு கடினமான வேலை என்பதை முதல் முறை பார்த்தபோது நான் உணரவில்லை. ‘ஸ்ட்ரேஞ்ச் பெட்ஃபெல்லோஸ்’ எபிசோடில் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைப் பார்க்கிறான். குடிப்பதற்காக ஊற்றியதை அந்த முகத்தின் மீதே வீசுகிறான். வசனமே இல்லை. கனார் கண்ணாடியில் வழிகிறது, டமாராக நடிக்கும் கேசி பிக்ஸின் முகம் அதற்குப் பின்னால் கலங்கித் தெரிகிறது. அடுத்த வாரமே டொமினியனை எதிர்த்து எழும்படி தன் மக்களுக்கு அறைகூவல் விடுக்கிறான். ஒரு மனிதன் திருந்துவதற்கு நீண்ட பேச்சு வேண்டும் என்று நினைக்கும் எழுத்தாளர்கள் இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

நாம் நிறுத்திய இடம் ‘டாக்கிங் இண்டு த விண்ட்.’ 1999 மே 12 அன்று ஒளிபரப்பானது, ரொனால்ட் டி. மூர் எழுதியது. கார்டாசியர்களுக்குக் கலகம் செய்யக் கற்றுத்தர, சிறுமியாக இருந்தபோதே அவர்களை எதிர்த்து ஆயுதம் எடுத்த கீராவையே அனுப்புகிறார்கள். பஜோர்க்காரியின் சொல்லைக் கார்டாசியப் படையினர் கேட்க மாட்டார்கள் என்பதால் அவளுக்குச் சிஸ்கோவின் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சீருடையை மாட்டி அனுப்புகிறார்கள். அந்தச் சீருடைக்குள், கீராவாக நடிக்கும் நானா விசிட்டர் தோள்களை விறைப்பாக வைத்துக்கொண்டே நடப்பதைக் கவனித்தீர்களா? பிறகு அந்தச் செய்தி வருகிறது. டமாரின் மனைவியையும் மகனையும் டொமினியன் கண்டுபிடித்துக் கொன்றுவிட்டது. கலகத்தில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லையே, ஒன்றுமறியாதவர்களைக் கொல்லச் சொல்லி உத்தரவிடுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவன் கேட்கிறான். எப்படிப்பட்டவர்கள், டமார், என்று கீரா அதே கேள்வியை அவனிடமே திருப்பிக் கேட்கிறாள்.

அவன் கோபப்படவில்லை. அவளைப் பார்க்கிறான். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பஜோரை ஆண்டு, அங்கே இதே உத்தரவுகளைப் பிறப்பித்தவர்கள் யார் என்பது அந்தப் பார்வையில் அவனுக்கு எட்டுகிறது. ஒன்றும் பேசாமல் வெளியே போய்விடுகிறான்.

நீங்கள் ரிமோட்டை எடுத்து அங்கேயே நிறுத்தினீர்கள். பெண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றீர்கள். துக்கம் கேட்க வந்த இடத்தில் கணக்குக் கேட்கக் கூடாது, எதிரியாகவே இருந்தாலும் கூடாது என்றீர்கள். வேறு எப்போது கேட்பது சித்தப்பா, அவன் நன்றாக இருந்தபோது கேட்டிருந்தால் காதில் விழுந்திருக்குமா என்று நான் கேட்டேன். சித்தி அடுப்படியிலிருந்து வந்து, டிவியில் வருகிறவனுக்காக இரண்டு பேரும் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் சிரித்துவிட்டு, மிச்சத்தை அடுத்த விடுமுறையில் பார்ப்போம் என்று டிவிடியைப் பெட்டியில் வைத்தீர்கள். அதை எடுத்து வைத்த உங்கள் விரல்களில் இருந்த கவனம் எனக்கு நினைவிருக்கிறது. எதையும் அவ்வளவு பதமாகக் கையாளத் தெரிந்தவர் நீங்கள். பொருள்களிடம் மட்டும்.

அந்த அடுத்த விடுமுறை வரவில்லை. அதற்கு முன் சித்தி போய்விட்டார். துக்க வீட்டில், அப்பா தாமதமாக வந்ததைச் சொல்லி, கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா, இவனெல்லாம் எப்படிப்பட்ட மனிதன் என்று எல்லோர் முன்னும் நீங்கள் கேட்டீர்கள். அப்போது நான் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அப்பத்தா கிடையில் விழுந்த நாள்களைப் பற்றியது என்பதும், அந்த நாள்களில் எந்த வீட்டில் விளக்கு எரிந்தது, எந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்பதும் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அத்தனை பேர் நடுவில் கேட்டதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கீராவும், டமார் வெளியே போனவுடனேயே, இதற்கு வேறு நேரம் பார்த்திருக்கலாம் என்று வருந்தத்தான் செய்கிறாள். நீங்கள் அங்கே நிறுத்தியதால் அந்த வரியை நாம் இருவரும் அன்று கேட்கவில்லை. அதற்குக் காரக் சொல்லும் பதிலையும் கேட்கவில்லை. டமாருக்குப் பழைய கார்டாசியாவின் மீது ஒரு மயக்கம் இருக்கிறது, அது தெளிய வேண்டும்; புதிய நாட்டை நடத்தத் தகுந்தவனாக அவன் இருந்தால், இந்த வலியே நீ சொன்னதை அவன் காதில் இன்னும் ஆழமாக இறக்கும் என்ற பொருளில் காரக் பேசுகிறான். காரக்காக நடிக்கும் ஆண்ட்ரூ ராபின்சன் அதை ஆறுதல் போலச் சொல்வதில்லை. தன் இனத்தானை எடைபோடும் குரலில் சொல்கிறார். ஆகவே கேட்ட இடத்துக்கும் நேரத்துக்கும்தான் என் மன்னிப்பு. கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஏனென்றால் டமார் திரும்பி வருகிறான், சித்தப்பா. அதே எபிசோடின் முடிவில், பழைய நண்பன் ரூசோட் கீராவைக் கொல்லத் துப்பாக்கியை நீட்டும்போது, நடுவில் நிற்கும் டமார் யார் பக்கம் என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நண்பனைச் சுடுகிறான். ரூசோட்டின் கார்டாசியா செத்துவிட்டது, அது இனித் திரும்பாது என்கிறான். அந்தக் கேள்விக்கு அவன் தந்த பதில் அதுதான். நீங்கள் எனக்கு எந்தப் பதிலும் தரவில்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டுப் போய்விட்டீர்கள். நான் காபி எடுத்துக்கொண்டு வந்தபோது உங்கள் கார் தெருமுனையைத் திரும்பிக்கொண்டிருந்தது.

இதே எபிசோடில் இன்னொன்று இருக்கிறது. கீராவின் காதலன் ஓடோவின் உடல் நோயால் உதிர்ந்துகொண்டிருக்கிறது. கீரா பார்த்துவிடக் கூடாது என்று அவன் மறைக்கிறான். அவளுக்கு அது முன்பே தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல நடமாடுகிறாள், அவன் அப்படித்தான் விரும்புகிறான் என்பதால். டமாரிடம் ஒரு நொடிகூடப் பொறுக்காமல் கேட்ட அதே வாய் ஓடோவிடம் எதுவும் கேட்பதில்லை. கீரா இரக்கமற்றவள் என்று நீங்கள் சொன்னபோது இந்தக் காட்சி உங்கள் முன் இல்லை. அப்பா கடைசி மாதங்களில் மாடிப்படி ஏறாமல் கீழேயே படுத்துக்கொண்டதற்கு வெயிலைக் காரணம் சொன்னார். நாங்களும் ஆமாம், மாடியில் சூடுதான் என்றோம். நீங்கள் அருகில் இருந்திருந்தால் நீங்களும் அதையே சொல்லியிருப்பீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பஜோரின் மதத்தலைவி காய் வின்னையும் டுகாட்டையும் சேர்த்துவைத்த கதை, வின்னாக வரும் லூயிஸ் ஃப்ளெட்சர் எவ்வளவு நன்றாக நடித்தும், மாயமந்திரக் கதையாகச் சரிந்துவிடுகிறது. ‘எக்ஸ்ட்ரீம் மெஷர்ஸ்’ எபிசோடில் மருத்துவர் பஷீரும் பொறியாளர் ஓப்ரையனும் உளவாளி ஸ்லோனின் மனத்துக்குள் அலைவதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. போர் உச்சத்தில் இருக்கும்போது ஒரு முழு எபிசோடை அங்கே செலவிட்டிருக்க வேண்டாம்.

ஆனால் ‘டாக்ஸ் ஆஃப் வார்’ வந்ததும் எல்லாம் நிமிர்ந்துவிடுகிறது. கலகக்காரர்களின் முகாம்கள் அழிக்கப்பட்டு, டமாரும் கீராவும் காரக்கும் கார்டாசியாவிலேயே மாட்டிக்கொண்டு, காரக் வளர்ந்த வீட்டின் நிலவறையில், அந்த வீட்டுப் பணிப்பெண் மிலாவின் தயவில் ஒளிந்திருக்கிறார்கள். படையும் இல்லை, கப்பலும் இல்லை. வெளியே தெருவில் டமார் சாகவில்லை என்ற பேச்சு மட்டும் பரவுகிறது. அந்தப் பேச்சையே ஆயுதமாக்குகிறார்கள். இறுதி எபிசோடில் மக்கள் எழுகிறார்கள். அதற்குத் தண்டனையாக லக்காரியன் நகரம் இருபது லட்சம் உயிர்களோடு அழிக்கப்படுகிறது. அதைப் பார்த்துத்தான் கார்டாசியப் படை அணி மாறுகிறது. டொமினியனின் கடைசி உத்தரவுக்குப் பிறகு அந்த உலகில் இறந்தவர்கள் 80 கோடிக்கும் மேல். பஜோரில் தாங்கள் செய்தது தங்கள் தெருவுக்கே வந்து சேர்கிறது, ஆனால் அதைப் பார்த்து நமக்குத் திருப்தி வராதபடி காட்டியிருக்கிறார்கள். பிணங்களுக்கு நடுவே சிஸ்கோவின் கூட்டாளித் தளபதி மார்டாக் வெற்றிக்காக ரத்த மதுவை நீட்டுகிறான்; சிஸ்கோவும் அட்மிரல் ராஸும் அதைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டுப் போகிறார்கள். துக்க வீட்டில் எப்படி நிற்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதற்கு இந்தக் காட்சி உங்களுக்குத் துணை நிற்கும். அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

டமார் அதைப் பார்க்க இருப்பதில்லை. டொமினியன் தலைமையகத்துக்குள் நுழையும் முதல் பாய்ச்சலிலேயே விழுந்துவிடுகிறான். ஒரு பெரிய சண்டையும் இல்லை, ஓர் உரையும் இல்லை. எனக்கு அதில் இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது. இவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு அந்தக் கதவுக்கு உள்ளே ஒரு நிமிடமாவது கொடுத்திருக்கலாம்.

கடைசியில், எல்லாம் முடிந்தபின் காரக் தன் நண்பன் பஷீரிடம் பேசுகிறான். நாங்கள் பட்டது நாங்கள் தேடிக்கொண்டதுதான் என்று சிலர் சொல்லக்கூடும், நாங்கள் ஒன்றும் குற்றமற்றவர்கள் அல்லவே, பஜோரை ஆண்டதை மட்டும் சொல்லவில்லை, எங்கள் வரலாறு முழுவதுமே ஆணவத்தோடு பிறரை அடக்கிய வரலாறுதான் என்கிறான். கீரா ஒரு சிறிய அறையில் கேட்டதற்கு வாயால் வந்த பதில் அதுதான். நான்கு எபிசோடுகளும் ஓர் உலகத்தின் அழிவும் கடந்து, கேட்கப்பட்டவன் செத்தபின், அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் சொல்கிறான். இதை எழுதியவர்கள் கேள்வியையும் மறக்கவில்லை, பதிலை அவசரப்படுத்தவும் இல்லை. இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல விரும்பினேன். இதை யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். நீங்கள் ஒருவர்தான் எழுந்து நின்று மறுத்துப் பேசுவீர்கள்.

டிவிடி பெட்டியை அடுத்த வாரம் அங்கே வரும் தம்பியின் கையில் கொடுத்தனுப்புகிறேன். கடைசி டிவிடியில் கீறல் ஏதும் இல்லை. நாம் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்காமல், ‘டாக்கிங் இண்டு த விண்ட்’ எபிசோடை முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு, கீரா கேட்டது தவறு என்றே இன்னும் நினைத்தால் அதைச் சொல்வதற்காகவாவது அழையுங்கள். நான் எடுப்பேன். அவள் பக்கம்தான் பேசுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்