கல்லமேட்டுக் கால் எலும்பு

அரியலூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கவி,

தீபாவளிக்கு எழுதுகிறேன் என்று சொன்னவள் பொங்கல் முடிந்து எழுதுகிறேன். திட்ட வேண்டுமானால் போனில் திட்டு, கடிதத்தை மட்டும் முழுசாகப் படித்துவிடு. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சரசு அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. அதே மாப்பிள்ளைதான், பந்தயத்தில் நீ ஜெயித்தாய்.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உருண்டைக் கல்லை இரண்டு கையாலும் சுமந்து வந்து, "டைனோசர் முட்டை மிஸ்!" என்றான். 2020இல் குன்னத்தில் இப்படித்தானே புரளி கிளம்பியது? கடைசியில் அது அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் சுருள் ஓட்டைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டை என்றார்கள். இவன் கல்லிலும் உடைந்த ஓரத்தில் கடாக்கொம்பு போலச் சுருண்ட வரிகள் தெரிந்தன. முட்டை இல்லை என்றதும் பிள்ளை முகம் வாடிவிட்டது. அவனைத் தேற்றத்தான் நம்ம பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்பின் கதையை ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே தொண்டை அடைத்துக்கொண்டது.

நம்ம ஊரில் சுண்ணாம்புக்கல் லாரியில் போகும் சிப்பியெல்லாம் கடல் விட்டுப்போனது. கல்லமேட்டுப் பாறை அப்படியில்லை. கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களியும் அது, டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி. அங்கே கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி என்று நினைத்தார்கள், பிறகுதான் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர், கவி! தென் அமெரிக்காவின் ராட்சத டைனோசர் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்றே சுமார் 155 சென்டிமீட்டர்தான். எடை நூறு டன்னுக்கு மேல் என்றுகூடச் சிலர் கணக்குப் போடுகிறார்கள்.

அந்த எலும்பு இப்போது இல்லை. ஏற்கெனவே இற்றுப்போயிருந்தது, ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் பொடியாகிவிட்டது. அது எலும்பே இல்லை, கல்லாய்ப்போன மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடக்கிற சீமையாயிற்றே. அப்புறம் எலும்புதான் என்பதற்கு ஆதரவாக, தோண்டிய காலத்துப் படங்கள் 2022இல் வெளிவந்தன. இத்தனை கோடி வருஷம் மண்ணுக்குள் இருந்தது, நம் கைக்கு வந்து நிற்கவில்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

அதே படிவில் ட்ரூடான்டிட் என்ற சின்ன டைனோசரின் ஒற்றைப் பல் கிடைத்து, 2013இல் பெரிய செய்தியானது. அதுவரை அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்தது. ஒரு பல்லை அத்தனை பத்திரமாகக் காப்பாற்ற முடிந்திருக்கிறது, பார். அதனால் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: எலும்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் பிடுங்காதீர்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், மண்ணை மூடிவிட்டு என்னிடம் ஓடிவாருங்கள்.

"அந்தக் கால் என் உயரமா மிஸ்?" என்றான் அந்தப் பையன். உன்னைவிட உயரம் என்றேன், நம்பவில்லை. அதற்குத்தான் நீ வேண்டும். பள்ளி மேற்குச் சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஆறரை அடி எலும்பை முழு அளவில் வரைந்து கொடு. மாசியில் வந்துவிடு, பங்குனி வெயிலில் சுவர்ப்பக்கம் நிற்க முடியாது. பிரஷ் நீயே கொண்டுவா, இங்கே வாங்கினால் முடி கொட்டுகிறது.

உன்
மல்லிகா