மலையேற்றத்தில் டாப் கியர் வேண்டாம், அண்ணா

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே நலம். நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? போனில் பேச உட்கார்ந்தால் ஒன்று உங்களுக்கு லோடு ஏறுகிற நேரம், இல்லை எனக்கு டியூட்டி நேரம். போன தடவை நீங்கள் கேட்டதற்கும் பாதி பதில்தான் சொன்னேன், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. "ஆறு சிலிண்டர், டர்போ, பிக்கப்புல அம்மாம் பெரிய டீசல் இன்ஜின்னு சொல்றே. அப்புறம் எதுக்குடா மேட்டுக்கு மேடு கியரை மாத்திக்கிட்டு? டாப்புலயே அழுத்திக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றீர்கள். இங்கே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போடுகிற கியர்பாக்ஸ்களின் கதையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இந்தப் பக்கம் பூராவும் சமவெளி. ரோடு நூல் பிடித்த மாதிரி போகும். மேற்கே பார்த்தால் ராக்கி மலைகள். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் இரண்டு மூன்று பிக்கப் நிற்கும். நம் ஊரில் பிக்கப் என்று நீங்கள் நினைக்கிற வண்டி இல்லை இது. மாடு ஏற்றுகிற ட்ரெய்லர், வைக்கோல் உருளை, குட்டி எக்ஸ்கவேட்டர், சுற்றுலா போகிற வீட்டு வண்டி, எல்லாவற்றையும் இதன் பின்னால் மாட்டித்தான் இழுக்கிறார்கள். பெரிய ட்ரெய்லருக்குப் பின்பக்க பம்பர் கொக்கி போதாது. தொட்டிக்கு நடுவில், பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு இரும்புக் குண்டு வைத்து, ட்ரெய்லரின் கழுத்தை அதன் மேல் உட்கார வைப்பார்கள். கூஸ்நெக் என்று பெயர். பாரம் ஆக்சில் மேலேயே இறங்குவதால் வண்டி ஆடாது.

இடது பக்கம் உட்கார்ந்து வலது கையால் கியர் போடுவது எனக்குப் பழகிவிட்டது. முதல் கியர் இங்கே நம் முட்டிப் பக்கம் வரும், ஐந்தும் ஆறும் தள்ளிப் போகும். ஆனால் கியர் போடுகிற வண்டியே இங்கே அழிந்துகொண்டு வருகிறது. பெரிய டீசல் பிக்கப்பில் ஜிஎம் 2006 மாடலோடும், ஃபோர்டு 2010 மாடலோடும் கிளச்சுக்கு விடை கொடுத்துவிட்டார்கள். கடைசிவரை வைத்திருந்தது ராம் கம்பெனி. அதுவும் 2018 மாடலோடு சரி. அதனால் எங்களிடம் வருகிற கிளச் வண்டி எல்லாம் பழசு, ஓடி ஓடித் தேய்ந்தது. சொந்தக்காரர்களோ பிடிவாதக்காரர்கள். ஆட்டோமேட்டிக்கைத் தொடமாட்டேன் என்கிற பெரியவர்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்ஜினால் டாப்பில் இழுக்க முடியும், அதில் சந்தேகமே இல்லை. தாங்காதது கியர்பாக்ஸ். அந்த ராம் வண்டியையே பாருங்கள்: 2018இல் ஒரே 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு 1260 நியூட்டன் மீட்டர் வரை டார்க், அதாவது முறுக்கு விசை, கொடுத்தார்கள். கிளச் வண்டி என்றால் 895 தான். வேண்டுமென்றே குறைத்து வைத்தது. லாரி கியர்பாக்ஸ் நாள் முழுக்கப் பாரம் இழுக்கவென்றே செய்தது; பிக்கப்புக்கு இடமும் எடையும் பார்த்துச் செய்கிறார்கள். இதில் சிலபேர் கம்ப்யூட்டரை மாட்டி இன்ஜினை டியூன் பண்ணிக்கொண்டு வருவார்கள். இன்ஜினுக்குச் சக்தி கூடிவிடும். கியர் பல் அதே பல்தானே?

டாப்பில் 1200 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு 1200 சுற்று சுற்ற, மேடேறுகிறார் ஒருவர் என்று வையுங்கள். ஆறு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை வெடிக்கும். 1200இல் விநாடிக்கு 60 அடி, 2000இல் 100 அடி. அடி குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே மேட்டில் அதே வேகத்துக்கு வேண்டிய சக்தி ஒன்றுதான். உதாரணத்துக்கு 100 குதிரைத் திறன் வேண்டும் என்றால், 2000 ஆர்பிஎம்மில் இன்ஜின் 355 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போதும். 1200இல் 590க்கு மேல் முறுக்க வேண்டும். அதாவது அடி எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொரு அடியும் சம்மட்டி. நடுவில் இடைவெளி வேறு அதிகம், அதனால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் துடிக்கும். அந்தத் துடிப்பு கிளச் ஸ்பிரிங்கைத் தாண்டி நேராகப் பல்லுக்கும் பேரிங்குக்கும் போகிறது. கேபினில் உட்கார்ந்தால் ஒரு 'கும்ம்' என்ற சத்தம், கண்ணாடி நடுங்கும், கியர் லீவர் உதறும். இன்ஜின் திணறுகிறது என்று நாம் சொல்வோமே, அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வண்டிகளில் டாப் என்பது ஓவர்டிரைவ், இன்ஜின் சுற்றுவதைவிட வெளியே போகிற ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிற கியர். ஐந்து கியர் பெட்டியில் நாலாவதும், ஆறு கியர் பெட்டியில் பெரும்பாலும் ஐந்தாவதும் டைரக்ட்: இன்ஜின் பக்கத்து இன்புட் ஷாஃப்டும் சக்கரத்துப் பக்கம் போகிற மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சக்தி நேராகப் போய்விடும், பல் மேல் பாரமே விழாது. ஓவர்டிரைவில் அப்படி இல்லை. இணையாக ஓடுகிற லே ஷாஃப்டுக்கு இறங்கி, இரண்டு ஜோடி பல்லைத் தாண்டி மறுபடி மேலே ஏற வேண்டும். சூடு அங்கேதான் கிளம்புகிறது. ஆட்டோமேட்டிக்குக்கு எண்ணெயைக் குளிர வைக்கத் தனி கூலர் உண்டு. கிளச் வண்டிப் பெட்டிக்குப் பெரும்பாலும் அதெல்லாம் கிடையாது, பல் வாரி இறைக்கிற எண்ணெயும் வெளிக்காற்றும்தான் துணை. பாரத்தோடு இந்த ஓவர்டிரைவ் கியரிலேயே ஓட்டிய ஒரு பழைய பெட்டியைப் போன மாதம் திறந்தோம். ஐந்தாவது கியரை ஷாஃப்டில் பிடித்து வைத்திருக்கிற நட்டு துடித்துத் துடித்தே கழன்று பின்னால் வந்திருந்தது, கியர் அதன் காடியிலேயே ஆடி ஸ்ப்லைனை, அதாவது ஷாஃப்டில் கியரைப் பிடிக்கிற வரிப்பற்களை, மொழுமொழுவென்று ஆக்கிவிட்டது. மற்ற நாலு கியரும் புதுசு மாதிரி! ஐந்தாவது மட்டும் போட்டால் பிடிக்காது. பார்ட்ஸ் விலையைக் கேட்டதும் அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அதனால் இங்கே நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: ட்ரெய்லர் பின்னால் இருக்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தியும் வேகம் ஏறவில்லையா, உடனே ஒரு கியர் இறக்கு. பாரத்தோடு 1700, 1800க்குக் கீழே ஊசியை விடாதே. மேடு வந்த பிறகு இறக்குவதைவிட மேடு கண்ணில் பட்டதும் இறக்குவது மேல். டீசல் கொஞ்சம் கூடப் போகும்தான், கியர்பாக்ஸ் விலைக்கு எத்தனை டேங்க் அடிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சமவெளியில், காற்று எதிரே இல்லாமல், இன்ஜின் லேசாக ஓடினால் ஓவர்டிரைவ் போடலாம், தப்பில்லை. இங்கே எதிர்க்காற்று ஒரு மேட்டுக்குச் சமம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளச் விஷயம் உங்களுக்குத் தெரியாததா? பாரத்தோடு இரண்டாவதில் கிளப்புவது, மேட்டில் சிக்னலுக்கு ஆஃப் கிளச்சில் வண்டியை நிறுத்தி வைப்பது, இதெல்லாம் எந்த நாட்டிலும் உண்டு. இங்கே அதிகம் எரிவது ரிவர்ஸில். ட்ரெய்லரைப் பின்னால் தள்ளிக் கொட்டகைக்குள் விட, மேட்டில் அங்குலம் அங்குலமாக ஆஃப் கிளச்சில் நகர்த்துவார்கள், ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதே அந்தக் கருகல் வாடை கூடவே வரும். மண்ணோ பனியோ ஆனால் நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கிற ஃபோர் வீல் லோ போட்டுத் தள்ளச் சொல்வேன், கிளச்சை முழுசாக விட்டுவிட்டே ஊர்ந்து போகும். காய்ந்த சிமெண்ட் தரையில் வண்டியைத் திருப்பும்போது அது கூடாது, முன்னும் பின்னும் இறுக்கிக்கொள்ளும். சில வண்டிகளில் ஃப்ளைவீல் இரண்டு துண்டாக நடுவில் ஸ்பிரிங்கோடு வரும், அந்தத் துடிப்பை விழுங்கத்தான். விலை குறைவு என்று ஒரே துண்டு ஃப்ளைவீலாக மாற்றினால், நியூட்ரலில் கடகடவென்று சத்தம் கேட்கும். பழகிவிடும் என்பார்கள். பல்லுக்குப் பழக வேண்டுமே.

கியர் லீவர் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் உங்களுக்கும் உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே கியரை நகர்த்துகிற ஷிஃப்ட் ஃபோர்க், அது தள்ளுகிற ஸ்லீவ் மேல் உரசிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் பற்றிப் பேசினால் கடிதம் முடியாது. ஒரு பெட்டிக்கு 75டபிள்யூ-90 கியர் ஆயில், இன்னொன்றுக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில், கம்பெனி புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். கெட்டியாக இருந்தால் நல்லது என்று ஆக்சிலுக்கு ஊற்றுகிற ஜிஎல்-5 ஆயிலையே இதிலும் ஊற்றிவிடுகிறார்கள். அதில் சிலவற்றில் இருக்கிற கந்தகச் சேர்க்கை, கியர் விழும்போது வேகத்தைச் சமன் செய்கிற பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஆகாது. எண்ணெயை இறக்கும்போது நான் முதலில் பார்ப்பது ட்ரெயின் பிளக்கின் காந்தத்தை. விரலால் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் மை மாதிரி வந்தால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் நெருடுகிற துணுக்கு இருந்தால் எங்கேயோ பல் உதிர்ந்திருக்கிறது. எண்ணெயையே வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தங்கத் தூள் மாதிரி மின்னும். அது சிங்க்ரோ கரைகிறது. காந்தம் பித்தளையைப் பிடிக்காது இல்லையா, அதனால் எண்ணெயையும் பார்த்தாக வேண்டும்.

இங்கிருந்து மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா போகிற டிரான்ஸ்-கனடா ரோட்டில் ஒரு தடவை உங்களைக் கூட்டிப் போக வேண்டும். கிக்கிங் ஹார்ஸ் பள்ளத்தாக்கைத் தாண்டி ரோஜர்ஸ் பாஸ், 1330 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனிச்சரிவைத் தானே இறக்கிவிடும். அது முடிகிற வரை ரோடு மூடியிருக்கும், எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். இறக்கத்தில், புகை போகிற வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு வருவோம். ஏறும்போது பல்லின் ஒரு பக்கம் பாரம் தாங்கினால், இறங்கும்போது மறு பக்கம் தாங்கும். அதனால் இறக்கத்திலும் ஓவர்டிரைவ் வேண்டாம். உச்சியிலேயே டைரக்டுக்கோ அதற்கும் கீழோ இறக்கிவிட வேண்டும், பாதிச் சரிவில் தேடக் கூடாது. ட்ரெய்லருக்கும் தனியே எலெக்ட்ரிக் பிரேக் உண்டு. அது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அத்தனை தள்ளலும் பிக்கப்பின் பிரேக்குக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் வரும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிற வேலை இங்கே உயிருக்கே உலை.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். மைனஸ் 30 வரை போகும். பிக்கப்பின் முன் கிரில்லில் இருந்து ஒரு பிளக் தொங்கும், ராத்திரி கரண்டில் மாட்டிவைத்தால் இன்ஜின் பிளாக்கைச் சூடாக வைத்திருக்கும். ஆனால் கியர்பாக்ஸுக்கு அந்தச் சூடு போகாது. காலையில் லீவர் கல்லில் ஊன்றிய மாதிரி நிற்கும். நியூட்ரலில் கிளச்சை விட்டுக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன், இன்புட்டும் லே ஷாஃப்டும் சுற்றி எண்ணெயைக் கலக்கும். பிறகும் இரண்டாவது விழாது. பலவந்தமாகத் திணித்தால் சிங்க்ரோதான் சாகும், எண்ணெய் இளகும்வரை மெதுவாகவே போக வேண்டும்.

ரெட் சீல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அது கிடைத்தால் எந்த மாகாணத்திலும் மெக்கானிக்காக வேலை பார்க்கலாம், சம்பளமும் உயரும். எங்கள் ஃபோர்மேனோடு மட்டும் ஒரு தகராறு முடியாமல் கிடக்கிறது. பாரத்தோடு கியர் இறக்கும்போது நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி நியூட்ரலில் ஒரு தடவை கிளச்சை விட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டு, மறுபடி மிதித்துப் போடுகிறேன். சிங்க்ரோ இருக்கிற பெட்டிக்கு இந்த டபுள் கிளச் எதற்கு என்று அவர் சிரிக்கிறார். சிங்க்ரோ செய்கிற வேலையை நான் செய்தால் அது தேயாது என்கிறேன் நான். இத்தனை வருஷம் லாரி ஓட்டியவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போடுகிறேன், அவரிடம் நீங்களே சொல்லுங்கள். இங்கிலீஷில் நான் எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி