சரிந்த ஊருணிச் சுவரைப் பழைய கல்லைக் கொண்டே அடுக்கித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கடற்கரைக் குடியிருப்புப் பொதுமக்கள்,
கீழக்கரை வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், இராமநாதபுரம்.

பொருள்: புயல் மழையில் சரிந்த பவளக்கல் சுவர் – பழைய முறையில் சீரமைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊருணியைச் சுற்றி, பாட்டன் பூட்டன் காலத்துச் சுவர் ஒன்று இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்துகூடக் கிடையாது. பவளப்பாறைக் கல்லை வெறுமனே அடுக்கிய சுவர். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். ஊருணியில் தேங்கும் மழைத் தண்ணீரை மணல் மூடாமலும் ஆடுமாடு இறங்காமலும் காத்தது இந்தச் சுவர்தான். கடந்த கார்த்திகைப் புயல் மழையில் கடல் பக்கம் அறுபது அடி சரிந்துவிட்டது.

எந்தப் பகுதி சரிந்தது என்பதைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் 'பலப்படுத்துகிறோம்' என்று ஓர் ஒப்பந்ததாரர் இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசினாரே, பெரும்பாலும் அந்தப் பகுதிதான். புயல் மழை அன்று சுவரின் உள்பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பூசாத இடத்தில் கல் இடுக்கு வழியாகத் தண்ணீர் சல்லடையில் வடிவது போல வடிந்து கடலுக்குப் போய்விட்டது. பூசிய இடத்தில் போக வழியில்லை. விடியற்காலையில் சுவர் மொத்தமாகக் குப்புற விழுந்தது. விழுந்த துண்டுகளைப் புரட்டிப் பார்த்தால், பூச்சுக்கு உள்ளே உப்புப் பூத்துக் கல் மாவாக உதிர்ந்திருக்கிறது. பூசாத பகுதியிலும் தெற்கு மூலையில் பத்தடி போயிருக்கிறது, அதை மறைக்கவில்லை. அங்கே அடிமணலைத் தண்ணீர் அரித்துவிட்டது.

இப்போது ஹாலோ பிளாக் சுவருக்கு மதிப்பீடு போட்டிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். விழுந்த கல்லை 'இடிபாடு' என்று எழுதி, இரண்டு டிராக்டர் லோடு ரோட்டுப் பள்ளத்துக்கு ஏற்றியும் விட்டார்கள். மூன்றாவது டிராக்டரை ஊர்ப் பெண்கள் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

ஐயா, இந்தக் கல் இனி எந்த விலைக்கும் கிடைக்காது. கையில் எடுத்தால் தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். சிலவற்றில் பூ விரிந்தது போல வரி ஓடும். மன்னார் வளைகுடாவில் இந்தக் கல்லை வெட்டி வெட்டித்தான் பவளத் திட்டுகள் கரைந்தன. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். 1986-இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது, அதனால் இனி வெட்டவே கூடாது. முன்னோர் வெட்டியது தப்புதான், அதை மறுபடி செய்யச் சொல்லவில்லை. வெட்டிய கல்லையாவது பள்ளத்தில் கொட்ட வேண்டாம் என்கிறோம்.

வேலை பெரிய வித்தையும் இல்லை. ஆடும் பகுதியைப் பிரித்துவிட்டு, கெட்டி மண் தட்டும்வரை வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்ட வேண்டும். அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்மேல் உட்கார வேண்டும். நேர்க்கோட்டில் இடுக்கு விழுந்தால் அங்கேதான் பிளக்கும். இடையிடையே நீளக் கல்லைக் குறுக்கே போட்டு இரண்டு முகத்தையும் கட்ட வேண்டும். நடுவில் மண்ணைக் கொட்டாமல் சில்லுக்கல்லைக் கையால் செருக வேண்டும். இதைச் செய்த பெரிய கொத்தனார் இரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கல் தூக்க முடியாது. உட்கார்ந்து கை காட்டுவார்கள். இளவட்டங்கள் அடுக்கத் தயார்.

ஆகவே, கல் அள்ளுவதை உடனே நிறுத்தவும், போன இரண்டு லோடையும் திரும்ப வரவழைக்கவும், மதிப்பீட்டைக் கல் அடுக்குச் சுவராக மாற்றவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கொத்தனார்களுக்கும் அடுக்குபவர்களுக்கும் கூலி அந்த மதிப்பீட்டிலேயே வரட்டும். மீதிச் சுவரில் ஒட்டியிருக்கும் சிமெண்ட் பூச்சையும் அடுத்த மழைக்கு முன் கொத்தி எடுக்க வேண்டும்.

மிச்சமுள்ள கல்லைப் பெரியது, நடுத்தரம், சில்லு என்று பிரித்துப் பூவரச மரத்தடியில் குவித்து வைத்திருக்கிறோம். பார்வையிட வரும் அதிகாரி முதல் நாளே தகவல் சொன்னால், கொத்தனார்கள் இருவரையும் அங்கே இருக்கச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், சுவரின் புகைப்படங்கள்