அந்த வெள்ளைக் கோட்டு பற்றி

கதிர் கண்ணு,

போன ஞாயிறு வீடியோ காலில் பேசும்போது உன் லேப் வெள்ளைக் கோட்டு ஹாஸ்டல் கட்டிலின் தலைமாட்டில் தொங்கியதைப் பார்த்தேன். கைப்பக்கம் அடுப்புக்கரி பூசின மாதிரி கறுப்பு. என்னடா அது என்றால், "கார்பன் நானோடியூப்ப்பா, முடியைவிட ரொம்ப ரொம்ப மெல்லிசான கார்பன் குழாய்ப் பவுடர், எடை போடும்போது கொஞ்சம் பறந்திருச்சு, ஒண்ணும் ஆகாது" என்று சிரிக்கிறாய். மில்லில் 31 வருஷம் நானும் அந்த "ஒண்ணும் ஆகாது"வைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் ஃபிட்டராக இருந்தபோது ஷிஃப்ட் முடிந்ததும் ஏர் ஹோஸை எடுத்து ஒருத்தர் மேல் ஒருத்தர் அடித்துக்கொள்வோம், சட்டையில் இருந்த பஞ்சு போய்விடும், எங்கே போகும், எங்கள் மூக்குக்குத்தான். மிச்சம் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், நீ மடியில் ஏறி உட்கார்ந்து அதைப் பொறுக்குவாய். லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கும், ரெண்டு நாளில் சரியாகிவிடும். அதற்கு டாக்டர்கள் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்று பேரே வைத்திருக்கிறார்கள் என்பது ரிட்டையர் ஆன அப்புறம்தான் தெரிந்தது. இப்போது மாடிப்படியில் பாதியில் நான் நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய்.

அதனால் அக்காவிடம் சொல்லி உன் பவுடரைப் பற்றி அச்செடுத்து வாங்கிப் படித்தேன். அமெரிக்காவில் நூற்பாலைப் பஞ்சுத் தூசிக்கு 1978-இல் சட்டம் போட்ட வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம். நானோடியூபுக்கு அங்கே நியோஷ் என்கிற வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 2013-இல் பரிந்துரைத்தது வெறும் 1 மைக்ரோகிராம். இருநூறில் ஒரு பங்கு! 2008-இல் எடின்பரோ ஆட்கள் நீளமான நானோடியூபை எலியின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தபோது ஆஸ்பெஸ்டாஸ் நார் உண்டாக்குகிற மாதிரி அழற்சியை அதுவும் உண்டாக்கியிருக்கிறது. 2014-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை ஒரே ஒரு வகையை மட்டும் புற்றுநோய் வரவைக்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது, மற்றவற்றுக்கு ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டது. உன் டப்பாவில் இருப்பது எந்த வகை, லேபிளைப் பார்த்தாயா?

சரி, எடை போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். காற்றை உறிஞ்சி இழுக்கிற அந்தப் பெட்டி, அதான் ஹூட், அதன் ஃபேனை நிறுத்தினால்தான் தராசு ஆடாமல் நிற்கிறது என்றாய். மூடி போட்ட காலிக் குப்பியை முதலில் வெளியே எடை போட்டுக்கொள், ஹூட்டுக்குள் ஃபேன் ஓட ஓட பவுடரைப் போட்டு இறுக மூடு, வெளிப்பக்கத்தை ஈரத்தாளால் துடைத்து மறுபடி வெளியே எடை போடு. ஃபேனும் நிற்க வேண்டாம், பவுடரும் வெளியே பறக்காது. கரைசலில் கலந்துவிட்டால் கவலை இல்லை என்றும் நினைக்காதே, திறந்த பீக்கரில், ஒலி அதிர்வால் கலக்குகிற சோனிகேட்டரை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத சாரலோடு அதுவும் கிளம்பும், மூடிதான் வேண்டும். சிந்தினால் ஈரத்துணி. துடைப்பமும் ஏர் ஹோஸும் கூடவே கூடாது (இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது).

காற்றில் இருக்கிற நுண்தூசியைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் சமாச்சாரம் மட்டும் ஃபிட்டர் மூளைக்கு ரொம்பப் பிடித்தது. சின்னத் தூசி சல்லடையில் நழுவிவிடும் என்றுதானே நினைப்போம்? பிடிக்கக் கஷ்டமானது 0.3 மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாக்கில் இருப்பதுதானாம், அதைவிட மிகச் சின்னது காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடி எங்காவது இழையில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் என்95 மாஸ்க் உபயோகம்தான், ஆனால் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். உன் தாடிக்கு நடுவில் அது எப்படி உட்காரும்? அம்மா கல்யாணப் பேச்சுக்காக எடுக்கச் சொல்கிறாள், நான் இதற்காகச் சொல்கிறேன்.

கையுறை ரெண்டு அடுக்கு போடு, அந்தக் கையுறையோடு கதவுப் பிடியையும் போனையும் தொடாதே.

கோட்டை இன்றைக்கே கவரில் கட்டி லேபுக்குக் கொண்டுபோய், அங்கே எப்படிச் சுத்தம் செய்கிறார்களோ அப்படிக் கொடுத்துவிடு. கட்டில் பக்கத்தை ஈரத்துணியால் துடை. தீபாவளிக்கு வரும்போது அழுக்குத் துணி மூட்டையோடு அதையும் எடுத்து வந்துவிடாதே, அம்மா கேட்காமலேயே எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற வைத்துவிடுவாள்.

அப்பா