மருதமடுவில் எங்களுக்கு இடம் தந்தவர்களுக்கு

மன்னார் மாவட்டத்து மருதமடு மாதா திருத்தலத்தில் அந்நாள்களில் பணியாற்றிய அருட்தந்தையர்க்கும் அருட்சகோதரிகளுக்கும், பண்டிவிரிச்சான் முதலான அயலூர்க் கத்தோலிக்க மக்களுக்கும் எங்கள் குடும்பத்தார் அனைவரின் சார்பிலும் வணக்கத்துடன் எழுதுவது.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது, சைக்கிளில் கட்ட முடிந்ததை மட்டும் கட்டிக்கொண்டு மாந்தைப் பக்கத்திலிருந்து வெளிக்கிட்டு உங்களிடம் வந்த சைவக் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. பதிவு எழுதியவர் எத்தனை பேர், பால்குடிப் பிள்ளை உண்டா, காய்ச்சல்காரர் உண்டா என்று மட்டுமே கேட்டார். சனம் பெருகி யாத்திரிகர் மடங்கள் நிறைந்து மரத்தடிகளெங்கும் கொட்டில்கள் எழுந்தன, அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையாளர் அலுவலகம் அவ்விடத்தை, இடம்பெயர்ந்தோர் தடையின்றி வந்து தங்கிப் போகக்கூடிய திறந்த நிவாரண நிலையமாக்கி உதவியது. அதற்கு முந்திய நாள்களில் எங்களுக்குக் கஞ்சி ஊற்றியவர்கள் நீங்கள்.

எல்லாவற்றிலும் மேலாக நாங்கள் நன்றி சொல்ல வேண்டியது அப்பாச்சியின் காரியத்துக்காக. மலேரியாக் காய்ச்சலில் அவர் கண்மூடியபோது, மாதா கோயில் வளவில் சைவமுறைப்படி கிரியை செய்யக் கேட்கலாமா என்று அப்பா தயங்கி நின்றார். அவர் வாய்திறக்குமுன்பே கோயிற் சுவாமியார் வந்து, உங்கள் வழக்கம் எதுவும் குறையக்கூடாது என்று சொல்லிவிட்டார். சிஸ்டர்மார் வெள்ளைத் துணியும் வாய்க்கரிசிக்கு அரிசியும் தந்தார்கள். கிரியைக்குரிய சுண்ணப்பொடி இடிக்க உரலைத் தோளில் சுமந்துவந்த பண்டிவிரிச்சான் ஐயா, கழுத்தில் செபமாலையோடு, தேவாரம் பாடி முடியும்வரை எங்களோடு நின்றார். காட்டோரத்தில் விறகு அடுக்கியவர்களும் அவருடைய ஆட்களே. எட்டாம் நாள் கிரியைக்கு வேண்டிய மரக்கறியும் உங்கள் குசினியிலிருந்துதான் வந்தது. உயிரைக் காப்பது பெரிது; எங்களை எங்கள் முறைப்படி அழவிட்டது அதனினும் பெரிதென்றே இன்றைக்கும் எண்ணுகிறேன்.

டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒறுத்த காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள் வந்தவர்களின் கதையை ஒரு சிஸ்டர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர்களும் மாந்தையார் என்பதால் எங்களை உறவாக எண்ணினீர்களோ, அல்லது ஓடிவந்தோர் எழுப்பிய தலம் என்ற நினைவு உங்கள் வளர்ப்பிலேயே ஊறியிருந்ததோ, பின்னதே சரியென எனக்குப் படுகிறது.

1999 நவம்பர் 20 அன்று அதே வளவில் எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சம் புகுந்திருந்தோரில் சுமார் 40 பேர் மாண்டனர். நாங்கள் அப்போது அங்கிருக்கவில்லை; ஆயினும் எங்களைக் காத்த கூரையின்கீழ் இறந்த அவர்களையும், காயப்பட்டோரைத் தூக்கித் திரிந்தவர்களையும் இம்மடலில் நினையாமல் விட மனம் ஒப்பவில்லை.

இவ்வாண்டு ஆவணித் திருவிழாவுக்கு, எங்கள் வயல் நெல்லைக் குற்றிய அரிசியுடன் யாத்திரிகர் சமையலுக்கு உதவ வருகிறோம். உரல் தந்த ஐயாவின் பிள்ளைகள் அங்கு இருப்பின் திருத்தல அலுவலகத்தில் தெரிவித்து வைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அவர்களைக் காண்பதற்கென்றே அம்மாவும் வருகிறார்.

என்றும் நன்றியுடன்,
மாந்தையிலிருந்து வந்த குடும்பத்தார்