சார்ஜரைப் பார்த்துவிட்டு அயர்ன் வாங்கு

அன்புள்ள கயலுக்கு,

யுஎஸ்பியில் ஓடும் சால்டரிங் அயர்ன், அதாவது ஈயப்பற்று வைக்கும் கருவி, எது நல்லது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் நினைவில் நிற்கும் என்று எழுதியே அனுப்புகிறேன்.

விலை குறைவென்று நீ காட்டினாயே, 5 வோல்ட், 8 வாட் அயர்ன், அது வேண்டாம் கண்ணு. மெல்லிய ஒயர் இரண்டைச் சேர்க்க அது போதும். நீ செய்வதோ கீபோர்டு. அந்த போர்டில் கிரவுண்டு என்கிற பொது இணைப்புக்குப் போகும் பாகங்களின் கால்கள் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும். பிட்டை, அதாவது அயர்னின் சூடான முனையை, வைத்ததுமே செம்பு சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் ஓடிப் பரவாமல் மங்கலாக உருண்டு உட்கார்ந்துவிடும். நம் கடைக்கு வருகிற பழைய டிவிகளில் எத்தனையோ கோளாறு இந்த ட்ரை சால்டரால் வருவதுதான். சரியாகப் பிடித்த ஈயம் காலைச் சுற்றிச் சரிவாக ஏறி, பளபளவென்று இருக்கும்.

சரி, எதை வாங்குவது? முதலில் உன் சார்ஜரைப் பார். பைன்சில், டிஎஸ்101 மாதிரி அயர்ன்கள் டைப்-சி பிடி (பவர் டெலிவரி, கேட்கிற வோல்ட்டைக் கொடுக்கும் முறை) சார்ஜரிடமிருந்து 20 வோல்ட் வரை கேட்டு வாங்கிக்கொள்ளும். பைன்சிலின் நீளமான பிட் சுமார் 8 ஓம். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி 8-ஆல் வகுத்துப் பார்: 5 வோல்ட்டில் 3 வாட், 9 வோல்ட்டில் 10 வாட், 20 வோல்ட்டில் 50 வாட். அதே அயர்ன், அதே பிட்தான். 9 வோல்ட்டோடு நிற்கிற போன் சார்ஜரில் மாட்டினால் எவ்வளவு நல்ல அயர்னும் திணறும்.

எனக்குப் பிடித்தது பைன்சில். டிஎஸ்100 என்ற பழைய அயர்னின் பிட்டுகளும் அதில் பொருந்தும். உள்ளே ஓடும் ஐயர்ன்ஓஎஸ் திறமூல மென்பொருள். கோட் எழுதுகிற உனக்கு அதைப் பிரித்துப் பார்க்க ஆசை வரும். கூடவே தட்டை முனைப் பிட் ஒன்றும் வாங்கிவிடு, கூர்முனை போர்டைத் தொடும் இடம் ரொம்பக் குறைவு. கேபிள் சிலிகோன் உறை போட்டதாக இருக்கட்டும். சாதாரண கேபிளில் பிட் பட்டால் உருகிவிடும்.

60/40 ஈயம் (வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்தது) 190 டிகிரிக்குள் உருகிவிடும். 320-இல் வைத்து வேலை செய், 400-க்குப் போனால் போர்டில் ஈயம் பிடிக்கும் செம்புப் பொட்டு (பேட்) பெயர்ந்து வரும். அப்புறம் ஒன்று. நான் செம்புப் பிட்டை அரத்தால் ராவுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. இந்தப் பிட்டை அப்படிச் செய்யாதே, உப்புத்தாளும் வேண்டாம். செம்பின் மேல் இரும்புப் பூச்சு இருக்கிறது. அது போனால் ஈயம் செம்பைத் தின்று குழி விழும். ஈரப் பஞ்சில் துடைத்து, அணைக்கும் முன் முனையில் கொஞ்சம் ஈயம் பூசி வை.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதே.

ஆர்டர் போடும் முன் உன் லேப்டாப் சார்ஜரின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அது டைப்-சி சார்ஜராக இருந்து, அவுட்புட் வரியில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால் அதுவே 65 வாட், புது சார்ஜர் வாங்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா